‘மே’ன்னா மேலே

ஜூன் 4

பேஸ்மென்ட்டில் திரை எந்தச் சுவரில் வருவது என்று இவருக்கும் மகளுக்கும் நடக்கிற தகராறு இன்னும் ஓயவில்லை. தெற்குச் சுவர் என்று நானே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். ஃபேக்டரியில் பேனல் போர்டுக்கு வயர் கட்டுகிறவள் நான். வீட்டு வயரிங்கிலாவது என் பேச்சு எடுபட வேண்டாமா?

இந்த ஹோம் தியேட்டர் எங்களுக்காக இல்லை, மாமாவுக்காக. இவருடைய அப்பா எங்களோடு படம் பார்ப்பதையே விட்டுவிட்டார். இடது காது சுத்தமாகப் போய்விட்டது, வலது காது மந்தம். ஆனால் கேட்கவில்லை என்று வாயைத் திறந்து சொல்லமாட்டார். “தூக்கம் வருதும்மா” என்று பாதிப் படத்தில் எழுந்து போய்விடுகிறார். வாங்கிக் கொடுத்த காது மெஷினைத் தொடுவதே இல்லை. எனக்கு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஜூன் 9

வயர் நுனிகளில் எல்லாம் டேப் ஒட்டி, எது எங்கே என்று முதல் எழுத்தை மட்டும் எழுதிவிட்டேன். மாமா நாற்காலிக்கு நேர் மேலே, கூரையில் தனியாக ஒரு ஸ்பீக்கர். படத்தில் பேசுவது மட்டும் அதில் வரும். நாளை எனக்கு ஷிஃப்ட். இவர் வயரை இழுத்து வைத்தால், பலகை அடிப்பவர் வந்து மூடிவிடுவார்.

ஜூன் 10

ஐயோ.

ஜூன் 11

நேற்று எழுதவே முடியவில்லை, அவ்வளவு கோபம். வேலை முடிந்து வந்து பார்த்தால் சுவர், கூரை எல்லாம் பலகை அடித்தாகிவிட்டது. கூரைக்குப் போகவேண்டிய வயர் மேற்குச் சுவரில், இடுப்பு உயரத்தில் நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறது. ‘மே’ன்னா மேலே — இதுகூடவா தெரியாது இந்த மனுஷனுக்கு!

கத்தித் தீர்த்தேன். இவர் நிதானமாகக் கேட்டார்: “கிழக்குக்கு ‘கி’ போட்டிருக்கே. தெற்குக்கு ‘தெ’ போட்டிருக்கே. அப்ப ‘மே’ மேற்கு இல்லாம வேற என்ன?”

இதில் மகள் வேறு, ரெண்டு பேரும் ஆடு மாதிரி ‘மே, மே’ன்னு கத்துறீங்க என்று உருண்டு உருண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். கோபம் அவ்வளவு சீக்கிரம் இறங்கினால் அப்புறம் மரியாதை இருக்காது.

ஜூன் 13

பலகையைப் பிரிக்க மனசு வரவில்லை. யோசித்துப் பார்த்தால், திரையைப் பார்த்து உட்காரும்போது மேற்குச் சுவர் மாமாவின் வலது பக்கம். கேட்கிற காதுப் பக்கம்! அங்கேயே ஸ்பீக்கரை மாட்டி, நாற்காலியைச் சுவரோரம் போட்டுவிட்டேன். இவரைப் பாராட்டலாமா? வேண்டாம், தலையில் ஏறிவிடும்.

ஜூன் 14

மாமா கீழே வந்து பார்த்தார். நடுவில் எங்கள் சோபா, ஓரத்தில் அவருடைய ஒற்றை நாற்காலி. “எனக்கு மூலையாம்மா? சரி, இருக்கட்டும்” என்றார். மேலே போய்விட்டார்.

சே. யாருக்காக இத்தனை பாடு? எனக்கு இது ஏன் தோணல? சமையலறையில் நின்று அழுதேன்.

ஜூன் 15

சோபாவை இழுத்து மாமா நாற்காலியோடு ஒட்டிப் போட்டாச்சு. படம் கோணலாகத் தெரியும் என்று இவர் முனகினார். தெரியட்டும்.

ஜூன் 20

முதல் படம். மாமா வரமாட்டேன் என்றார். மகள் விடவில்லை, கையைப் பிடித்து அழைத்துவந்துவிட்டாள். சுவரோரம் எல்லோரும் இடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் எங்கே படம் பார்த்தேன்? அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தாத்தாவுக்குக் கேக்குதாம்மா என்று மகள் கிசுகிசுத்தாள், தெரியலையே என்றேன், இவரும் நடுவில் புகுந்து ஏதோ சொன்னார்.

மாமா திரும்பி முறைத்தார்.

“ஆளாளுக்குப் பேசினா எனக்கு எப்படிக் கேக்கும்? வாயை மூடிட்டுப் படத்தைப் பாருங்க.”

மூடிக்கொண்டோம். மாமனாரிடம் திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்ட மருமகள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.