பதினாறு ஓம்

சாலவாக்கம்
மாசி மாதம், 1983

அன்புள்ள மகன் ஆனந்தனுக்கு உன் நைனா மணவாளன் சொல்லச் சொல்ல உன் தங்கச்சி ஏலவார்குழலி எழுதுவது. இங்கே நான், உங்கம்மா, குழலி, கறவை மாடு வரைக்கும் சுகமாக கீறோம். பம்பாயில் நீ வேளைக்குச் சாப்பிட்டு சுகமாக கீறியான்னு உன் கையால ரெண்டு வரி போட்டாத்தான் எங்களுக்கு மனசு நிலைப்படும். உங்கம்மாவுக்கு முட்டி வலி தேவலை. ஏரியில தண்ணி கீது, நவரை நெல்லு நட்டாச்சு. எனக்குத்தான் கொஞ்ச நாளா சோறு எறங்கல. எல்லாம் நீ பொங்கலுக்கு வந்தப்போ அரக்கோணத்து ரயில்வேயில இருந்த சட்டைக்காரர், அந்த ஆங்கிலோ இந்தியர் கிட்ட வாங்கி வூட்ல வெச்சுட்டுப் போனியே, அந்தப் பழைய கித்தார் ஆம்ப்ளிபயராலதான்.

அதோட ஸ்பீக்கர் பொட்டி கரையான் அரிச்சுப் போச்சு, வேற பொட்டி வேணும், பதினாறு ஓம் இருக்கணும், பம்பாயில அப்பிடி கெடைக்கல, உத்திரமேரூர் மைக் செட் சேட்டு கிட்ட கேட்டு வாங்கி ரெண்டையும் லாரியில அனுப்பு, சித்திரையில ஓட்டல் கச்சேரிக்கு வேணும்னு நீ எழுதியிருந்ததை குழலி படிச்சுக் காட்டினா. பதினாறு ஓம்னு கேட்டதும் எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு ஆனந்தா. புள்ளை அவ்ளோ தூரம் போயும் சாமிய மறக்கலியேன்னு நெனைச்சேன். எழுத்து தெரியாத எனக்கும் ஓம் தெரியும், கோபுரத்து மேல சீரியல் லைட்டுல எரியுதே. நேரா சேட்டு கடைக்குப் போனேன். அங்க ரெண்டு பொட்டி இருந்துச்சு. ஒண்ணு மூடிப்போன சினிமா டென்ட் கொட்டாயில இருந்து வாங்கினது, கறுத்துப்போய் வவ்வால் நாத்தம் அடிச்சுது. இன்னொண்ணு புதுசு, செவப்பு பெயின்ட், நெத்தியில மஞ்சள்ல ஓம். இதுதான் எம்புள்ளை கேட்டதுன்னு எடுத்துக்கினேன். சேட்டுக்கு முகூர்த்த நாள் அவசரம், எதுக்குன்னு கேக்கல. ஒரு ஓம்தானே கீது, மிச்சம் பதினஞ்சை போர்டு எழுதுற அப்பு கிட்ட எழுதச் சொன்னேன். இன்னா நைனா, கோயிலுக்கான்னு கேட்டான். எம்புள்ளை கித்தாருக்குன்னு பெருமையாச் சொன்னேன். பொட்டிய சுத்தி எழுதிக் குடுத்தான், பஸ் மேல ஏத்திக்கினு வந்துட்டேன்.

அந்த வாரமே நம்ம ஊர் கல்யாணத்துக்கு செட் கட்ட வந்த சேட்டு, வூட்டுக்கு வந்து ரெண்டையும் மாட்டி ரெக்கார்டு போட்டுப் பார்த்தான். நல்லாத்தான் பாடிச்சு. கொஞ்ச நேரத்துல உள்ள இருக்கிற கண்ணாடி வால்வுங்க கொள்ளிக்கட்டை மாதிரி செவந்துச்சு, தாரு தீயற மாதிரி ஒரு நாத்தம். சேட்டு பாய்ஞ்சு பிளக்கைப் புடுங்கினான். ஸ்பீக்கரைத் திருப்பிப் பார்த்துட்டு நெத்தியில அடிச்சுக்கினான். யோவ் பெருசு, இந்த ஓம் சாமி இல்லய்யா, ஸ்பீக்கரோட கரன்ட் அளவு, இது நாலு ஓம், பதினாறு கேக்குற மிஷினுக்கு நாலை மாட்டினா தாங்காம இழுத்து இழுத்து உள்ளயே வெந்துபோவும், நீ வெளிய நூறு ஓம் எழுதினாலும் அதுக்குப் படிக்கத் தெரியுமான்னு கத்தினான். குழலி அன்னிக்கு சிரிச்ச சிரிப்பு, இப்போ எழுதிக்கினே சிரிக்கறா. மறுநாள் அந்த டென்ட் கொட்டாய் பொட்டியக் கொண்டாந்து மாட்டினான். நாத்தம் இல்லை, சூடும் இல்லை, சத்தத்துல பரண் மேல பித்தளை அண்டா அதிர்ந்துச்சு. பதினாறு ஓம் அதுக்குள்ளதான் இருந்துச்சாம். உன் மிஷினு பொழைச்சுது, அதுக்கு நீ கவலைப்படாதே.

என் பயம் வேற. பாடிக்கினு இருக்கும்போதே அந்த மிஷினோட இரும்புத் தகட்டு மேல கைய வெச்சேன். கடிச்சுது ஆனந்தா. முழங்கை வரைக்கும் கரன்ட் வெடுக்குன்னு ஏறிச்சு. சேட்டு தொட்டுப் பார்த்து ஒண்ணும் இல்லைன்னான். அவன் செருப்பு போட்டுக்கினு இருந்தான், நான் வெறுங்காலு. டெஸ்டரை வெச்சான், எரிஞ்சுது. பழைய மிஷினுல இதெல்லாம் சகஜம், பிளக்கைத் திருப்பிச் சொருகினா கொறையும்னு சொன்னான். கித்தார் கம்பியில வருமான்னு கேட்டேன். ஒயரு வழியா கம்பியும் இந்தத் தகடும் ஒண்ணுதான்னு வாய் தவறிச் சொல்லிட்டான். அதுல இருந்து எனக்குத் தூக்கம் போச்சு.

நீ வயித்துல இருந்தப்போ நான் மைக் செட்டுக்கு வண்டி ஓட்டினது உங்கம்மா சொல்லியிருப்பா. மாகறல்ல கூத்துக்குக் கட்டினோம். மழை தூறி நின்ன நேரம். என்னோட வந்த வீரபத்திரன் கட்டம் போட்ட பச்சை லுங்கி, காதுல பாதி பீடி, ஈரத் தரையில நின்னு மைக் கம்பியப் புடிச்சான். அவன் ஆடறதைப் பார்த்து சனங்க கூத்துக்காரன் மாதிரி கோமாளித்தனம் பண்றான்னு கை தட்டினாங்க. நானும் சிரிச்சேன். அப்புறம்தான் மூங்கில் கழியால அடிச்சுத் தள்ளினேன். கை பிரிஞ்சுது, உசுரு இல்லை. நீ கம்பியில விரலை வெச்சுக்கினு மைக் கிட்ட வாயைக் கொண்டுபோறதை பொங்கலுக்குப் பார்த்தேனே, இப்போ கண்ணை மூடினா வீரபத்திரன் நின்ன எடத்துல நீ நிக்கறே. அங்கயும் சனங்க கை தட்டுவாங்க.

அதனால பொட்டியும் மிஷினும் வர்ற வெள்ளிக்கிழமை லாரியில வருது, ஆனா மிஷினுல இருந்த ரெண்டு காலு பிளக்கு ஒயரை சேட்டு கிட்டச் சொல்லி அறுத்து எடுத்துட்டேன். அது என் தலைமாட்டுல கீது. குழலி கேக்கறா, அண்ணன் அங்க வேற ஒயரு வாங்கிக்க மாட்டாரான்னு. வாங்குவே, எனக்குத் தெரியாதா? அதை வாங்க கடையில போய் நிப்பே பாரு, அப்போ நான் சொன்னதா நெனைச்சு மூணு காலு பிளக்கா வாங்கு, தெரிஞ்ச ஆளை வெச்சு மாட்டு, மூணாவது ஓட்டையில கரன்ட்டை மண்ணுல எறக்குற எர்த்து நெஜமாவே கீதான்னு அந்த ஓட்டல்காரனைக் கேளு. வெக்கப்படாதே. கெழவன் பயந்தாங்கொள்ளின்னு உன் கூட்டாளிங்க கிட்ட சொல்லிச் சிரி, பரவால்லை. சிரிச்சுட்டுக் கேளு.

அம்மன் உன் பத்து விரலையும் காப்பாத்தணும். ரப்பர் செருப்பு ஒரு ஜோடி பொட்டிக்குள்ள வெச்சிருக்கேன், வாசிக்கும்போது கட்டாயம் போட்டுக்கோ. பொட்டிக்குப் பின்னால, வெளிய தெரியாத எடத்துல, அப்பு கிட்டச் சொல்லி ஒரே ஒரு ஓம் எழுதியிருக்கேன். அளவுக்கு இல்லை. அழிச்சுடாதே.

இப்படிக்கு,
உன் நைனா மணவாளன்
(கைநாட்டு)