கோட்டை வாசல் போட்டோ

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. சௌக்கியமா என்று கேட்கும் யோக்கியதை இப்போது எனக்கு இல்லை, அதனால் கேட்கவில்லை. என் நம்பர், அப்பா நம்பர், அம்மா நம்பர் எல்லாவற்றையும் பிளாக் செய்துவிட்டாய். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் கடிதத்தை பிளாக் செய்ய முடியாது, கிழித்துத்தான் போட வேண்டும். முழுதும் படித்துவிட்டுக் கிழி.

அத்தான் மட்டும் ஒருமுறை என்னோடு பேசினார். அவர் வழியாகவே எல்லாவற்றையும் சொல்லியனுப்பியிருக்கலாம். நடுவில் ஆள் வைத்துப் பேசியதில்தான் இத்தனையும் நடந்தது. எனவே நேராக உனக்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் போட்டோ. இடிந்த கோட்டை வாசலில் அம்மா வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். நீ அதைப் பார்த்த நேரத்தில் உன் வீட்டு ஹாலில் உன் அம்மா, என் பெரியம்மா, ஐஸ் பெட்டிக்குள் இருந்தாள். நாங்கள் எதுவரை வந்திருக்கிறோம் என்று தெரியாமல்தான் எங்களைக் கோயில் டூர் அழைத்துப்போனவர்களின் இணையப் பக்கத்தைத் திறந்தாய் என்று அத்தான் சொன்னார். பெரியம்மாவுக்குத் தினமும் படுக்கையில் நீ காட்டிய அதே பக்கம். என் தங்கச்சி இன்னிக்கு எந்த ஊர்ல நிக்கிறா, காட்டுடி என்று அவள் கேட்பாளாமே. அன்று நீயே தனியாகத் திறந்து பார்த்திருக்கிறாய்.

அந்தச் சிரிப்பு நிஜம்தான், நடிப்பில்லை. ஆனால் சிரிக்கும்போது அம்மாவுக்குத் தன் அக்கா செத்துப்போனது தெரியாது. இந்த ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இத்தனை காகிதம்.

அன்று காலை நீ கூப்பிட்டபோது நான் லாட்ஜ் வராந்தாவில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். அம்மா அறைக்குள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். அப்பா குழாயடியில் சவரம். நீ சொன்னதும் அவரிடம் ஓடினேன். பாதி முகத்தில் நுரையோடு போனை என் கையிலிருந்து வாங்கி, கிளம்பிட்டோம்மா, சித்தி வந்துக்கிட்டே இருக்கா, அவ வர்ற வரைக்கும் எடுத்துடாதீங்க என்று உன்னிடம் சொன்னார். சொன்ன நிமிஷத்தில் அவர் நிஜமாகவே கிளம்பத்தான் நினைத்திருப்பார் என்று இப்போதும் நம்புகிறேன். போனை வைத்துவிட்டு மீதி முகத்தையும் சிரைத்து முடித்தார். துண்டால் துடைத்தார். அதற்குப் பிறகு வேறு ஆளாகப் பேசினார். உங்கம்மாகிட்ட மூச்சு விடாதே என்றார்.

மாமா செத்த செய்தி வந்தபோது அம்மா சமையலறையில் அப்படியே சரிந்தது உனக்கு நினைவிருக்கும். அதற்குப் பிறகுதான் அவள் இதயத்துக்கு மாத்திரை சாப்பிட ஆரம்பித்தாள். இந்த ஊர்ல விழுந்தா யாரைத் தெரியும், எந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுவே என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. அதோடு விட்டிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். ஆனால் அடுத்து வேண்டுதலுக்கு வந்தார். கடைசிக் கோயில் இன்னும் பாக்கி, உடன்பிறந்தவள் செத்தது தெரிந்தால் தீட்டு என்று படி ஏற மாட்டாள், கிளம்பி வந்ததே அந்தக் கோயிலுக்காகத்தான் என்றார். யாருக்காக வேண்டிக்கொண்டு வந்தாளோ அவளே போயாச்சு, இனி என்ன கோயில் என்று கேட்டேன். உனக்கு இதெல்லாம் புரியாது என்றார். புரியவில்லைதான்.

அதற்குள் டூர் மேனேஜர் வந்து சேர்ந்தார். கெட்ட ஆளில்லை. வண்டிக்கு நேரமாச்சு என்று விரட்டுவதையே சிரிக்கச் சிரிக்கச் செய்வார். விஷயத்தைக் கேட்டதும் முகம் வெளுத்துவிட்டது. பஸ்ல பாதிப் பேர் வேண்டுதலோட வந்திருக்காங்க சார், சாவுத் தீட்டுன்னு காதுல விழுந்தா பக்கத்து சீட்ல உட்கார மாட்டாங்க, என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவாங்க, கடைசி சாமியைப் பார்த்துட்டு நிதானமாச் சொல்லுங்களேன் என்றார். அப்பாவுக்கு அது போதுமாயிருந்தது.

மத்தியானம் ஒரு விமானம் இருந்தது, அக்கா. இடமும் இருந்தது. ஏறியிருந்தால் இருட்டுவதற்குள் உன் வீட்டில் இருந்திருப்போம். போனில் எடுத்து அப்பாவிடம் நீட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். தொழிற்சாலை வாசலில் டைம்கீப்பராக இருந்த காலம் முழுக்க, ஒரு நிமிஷம் தாமதமாக வந்தவனையும் திருப்பியனுப்பிய மனிதர். அவர் என்னிடம் கெஞ்சினார். நான் லிஃப்ட் சர்வீஸ் பார்க்கிறவன், கதவு சரியாகச் சாத்தாத லிஃப்டை யார் கெஞ்சினாலும் ஓடவிட மாட்டேன். அன்று விட்டுவிட்டேன். அந்தப் பழியில் எனக்குள்ள பங்கை நான் யார் தலையிலும் கட்டவில்லை.

பஸ் கோட்டைக்குப் போயிற்று. அம்மா எந்த ராஜா, எந்தக் காலம் என்று வழிகாட்டியை நச்சரித்துக்கொண்டே வந்தாள். தினமும் ராத்திரி போனில் பெரியம்மாவுக்கு ஒப்பிப்பதற்காக எல்லாவற்றையும் கேட்டு வைத்துக்கொள்வாள். வாசலில் எல்லோரையும் நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார்கள். அப்பா வர மாட்டேன் என்று ஒதுங்கி நின்றார். ராணியம்மா வந்தாச்சு, ராஜா எங்கேம்மா, போருக்குப் போயிட்டாரா என்று மேனேஜர் கத்தினார். இவராவது போருக்காவது, பல்லியைப் பார்த்தா கட்டில்மேல ஏறிடுவாரு என்றாள் அம்மா. மொத்தக் கும்பலும் சிரித்தது. அவளும் சிரித்தாள். நீ பார்த்தது அந்தச் சிரிப்பு. ஓரத்தில் குனிந்து நிற்பது நான். அதை மேனேஜர் வழக்கம்போல அவர்களுடைய இணையப் பக்கத்தில் போட்டுவிட்டார். அந்த மனுஷனுக்கு எப்படித்தான் கை வந்ததோ. பழக்கத்தில் போட்டேன் சார் என்று பிறகு என்னிடம் அழுதார்.

அன்று காலையே அம்மாவின் போனை வாங்கிக்கொண்டதும் நான்தான். சிம்மைக் கழற்றிவிட்டு, போன் பழுது, ஊருக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும் என்றேன். என் பிள்ளை கைபடாத மெஷின் உண்டா, அவனே முடியாதுங்கிறான்னா முடியாதுதான் என்று, பஸ்ஸில் கூட வந்த ஒரு பல் டாக்டர் அம்மாவிடம் பெருமை வேறு. ராத்திரி என் போனைக் கேட்டாள், பிறகு அவளே வேண்டாம் என்றாள். அக்கா இந்நேரம் தூங்கியிருப்பா, பாவம், எழுப்ப வேணாம் என்றாள்.

எங்க இருக்கீங்க, எங்க இருக்கீங்க என்று உங்கள் பக்கத்திலிருந்து அப்பாவுக்கு அழைப்பு வந்துகொண்டே இருந்தது. வழியில் மாட்டிக்கிட்டோம், இதோ வந்துடறோம் என்றே எல்லோருக்கும் சொன்னார். வர முடியவில்லை, எடுத்துவிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீ பொழுது சாயும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்க மாட்டாய். இதை அவரிடம் கேட்டுவிட்டேன். அந்த வார்த்தையைச் சொன்னா அவ செத்தது உறுதியாயிடும்போல இருந்துச்சுடா என்றார். உன்னிடம் இதைச் சொல்வதால் எதுவும் குறையாது. இருந்தாலும் சொல்கிறேன்.

மறுநாள் ஆற்றங்கரைக் கோயில். அம்மா பெரியம்மாவின் பேரையும் நட்சத்திரத்தையும் சொல்லி அர்ச்சனை செய்தாள். ஆயுசுக்கு என்று சொன்னாள். நான் பக்கத்தில் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குச் சாமி, தீட்டு எதிலும் பெரிய நம்பிக்கை கிடையாது, உனக்கே தெரியும். ஆனால் அந்த இடத்தில் நிற்க முடியவில்லை.

அதற்கடுத்த நாள் அந்தக் கடைசிக் கோயில். பழைய கட்டடம், புதுசாகப் போட்ட இரும்புக் கம்பி வரிசை. ஆள் ஒருவர் பின் ஒருவராகத்தான் நகர முடியும். வளைந்து வளைந்து போய்ச் சன்னதி முன்னால்தான் முடியும். சன்னதி கண்ணில் படும் தூரத்துக்கு வந்ததும் அம்மா என் பக்கம் திரும்பினாள். ஊர் போய்ச் சேர்ந்ததும் என்னை நேரா அக்கா வீட்டுல விட்டுடு, ஒரு மாசம் அவகூட இருந்துட்டு வரேன் என்றாள்.

நான் சொல்லிவிட்டேன். பெரியம்மா இல்லைம்மா, முந்தாநாளே போயிட்டாங்க என்று அந்தக் கூட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டு சொல்லிவிட்டேன். சொல்ல வேண்டிய அன்று வாயை மூடிக்கொண்டிருந்தேன், சொல்லக்கூடாத இடத்தில் திறந்தேன். முந்திரிக்கொட்டை என்று சின்ன வயதில் நீ என்னைத் திட்டுவாய். ஊரில் இருக்கும் முந்திரிக்கொட்டைகூட இப்படிச் செய்யாது.

அவள் விழவில்லை, அழவில்லை. தீட்டோட இங்க நிக்க வெச்சுட்டியேடா என்று மட்டும் சொல்லிவிட்டு, வந்த வழியே திரும்பப் பார்த்தாள். திரும்ப வழியில்லை. பின்னால் கூட்டம் நெருக்கியது. ஏம்மா, சாமியைப் பார்க்க வந்தியா, பின்னாடி இருக்கிறவங்களைப் பார்க்க வந்தியா என்று ஒருவன் கத்தினான். நான் கம்பியில் எங்காவது கதவு இருக்கிறதா என்று தடவிக்கொண்டே போனேன். ஒன்று இருந்தது, பூட்டு போட்டிருந்தது. லிஃப்ட் நடுவில் நின்றால்கூட உள்ளே இருப்பவன் அழுத்த ஒரு பட்டன் வைக்கிறோம். அங்கே அதுகூட இல்லை. அம்மா கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்து பார்த்தாள். காலில் மிதிபட்டதும் நான்தான் தூக்கினேன். சன்னதி வந்தபோது முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மூடிய முகத்தோடு கூட்டம் அவளைச் சாமி முன்னால் தள்ளிக்கொண்டு போயிற்று. அந்த ஒரு தரிசனத்துக்காகவே இத்தனை ஊர் சுற்றி வந்தவள், அதைப் பார்க்காமல் வெளியே வந்தாள்.

வெளியே வந்ததும் கேட்டாள். கோட்டைக்குப் போனப்பவே தெரியுமா என்றாள். தெரியும் என்றேன். ஆத்தங்கரையிலயும் தெரியுமா என்றாள். தெரியும் என்றேன். செத்தவளுக்கு ஆயுசு கேட்டிருக்கேன், தட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னிருக்கே என்றாள். அதற்குப் பிறகு என்னிடம் அதிகம் பேசவில்லை. அப்பாவிடம் இன்றுவரை ஒரு வார்த்தை இல்லை. தட்டில் சாப்பாடு போட்டு வைக்கிறாள், நகர்ந்துவிடுகிறாள். அவர் இப்போதெல்லாம் சவரம்கூடச் செய்வதில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் எங்களைக் கடைசி சீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தீட்டு மூன்று நாளா பத்து நாளா என்று முன் சீட்டில் பென்ஷன்காரர்கள் சண்டை போட்டுக்கொண்டார்கள், ஆளுக்கொரு கணக்கு. பல் டாக்டர் அம்மாதான் எழுந்து வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். தீட்டு ஒட்டிக்கிட்டா பிடுங்கிப் போட்டுடறேன், நான் பண்றது அந்த வேலைதானே என்று முன்னால் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். வழி நெடுக அம்மாவின் கையை விடவில்லை. நாங்கள் செய்திருக்க வேண்டியதை யாரோ ஒருத்தி செய்தாள்.

இனி எழுத வேண்டியது ஒன்றுதான். சித்தி என் வாசல்படி ஏறக்கூடாது என்று நீ கடைசியாக அனுப்பிய செய்தியை அம்மாவிடம் காட்டிவிட்டேன். அந்தப் போட்டோவையும் காட்டினேன். இனி அவளிடம் எதையும் மறைப்பதாக இல்லை. ரொம்ப நேரம் தன் முகத்தையே பார்த்தாள். அவ சொல்றதுல என்ன தப்பு, நானா இருந்தா செருப்பால அடிச்சிருப்பேன் என்றாள். ஆனால் போவேன் என்றாள். முகத்தைத்தான் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை, அக்கா படுத்திருந்த இடத்திலாவது கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன் என்றாள். பெரியம்மா கட்டிலை அதற்குள் எடுத்துப் போட்டுவிட்டாயா? போட்டிருந்தால் பரவாயில்லை, இடம் எது என்று காட்டினால் போதும்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வந்த மறுநாள் காலை வண்டியில் வருவாள். அப்பா வரவில்லை. நான் உன் தெருமுனை வரை கொண்டுவந்து விடுவேன், அதற்கு மேல் வர மாட்டேன். என்னை நீ எப்போது வேண்டுமானாலும் கூப்பிட்டு நாலு அறை அறையலாம், கட்டாயம் வந்து நிற்கிறேன். அப்பாவைத் திட்டு, ஊரைக் கூட்டிக்கூடத் திட்டு. அம்மாவை அதில் சேர்க்காதே.

நான் இந்தத் தொழிலில் இருந்தும் அவள் லிஃப்டில் ஏற மாட்டாள், பயம். உன் மாடி வரைக்கும் படியேறித்தான் வருவாள். வந்து நிற்கும்போது மூச்சு வாங்கும், உடனே பேச வராது. வந்தவள் வாயைத் திறக்கவில்லையே, அவ்வளவு திமிரா என்று நினைத்துக் கதவைச் சாத்திவிடாதே. மூச்சு அடங்கும்வரை கொஞ்சம் பொறு, அக்கா. அவளே பேசுவாள்.

உன் தம்பி