இடது கைப் பக்கத்துச் சுவிச்

அப்பா,

புட்டும் தயிரும் கட்டிலடி மேசையில் மூடி இருக்கு. உங்களுக்குச் சீனி வருத்தம் கூடிரும் என்று சீனிப் போத்தலை என்னோடு கொண்டு போறன், தேட வேண்டாம்.

நாலு நாளாக நீங்கள் என்னோடு பேசாததால் எழுதிவைக்கிறேன். பிழை என்னுடையதுதான். பாரிசம் வந்து வீட்டோடு இருக்கும் உங்களுக்குப் பதிலாகக் கோயில் கூட்டத்துக்குப் போக ரோபோ செய்தேன். கோயிலை நடத்தும் வண்ணக்கராக நீங்கள் இருக்கும் கதிரையருகே உங்கள் முகத்தைக் காட்டிக்கொண்டு அது நன்றாகத்தான் நின்றது. ஆனால் வயசானவர்கள் சுவிச்சை அமத்த மறந்துபோவார்கள் என்று நானே முடிவெடுத்து, மைக்கை எப்போதும் திறந்துவைத்தேன். "இந்தாள் பேசி முடிக்கிறதுக்குள்ள வயல்ல வேளாண்மையே வெட்டிரலாம்" என்று நீங்கள் கட்டிலில் முணுமுணுத்தது சபை முழுக்கக் கேட்டது. செயலாளர் உடனே பேச்சை முடித்தார். இருபது வருசத்தில் இதுதான் முதல் தடவையாம்.

இன்றைக்குப் பத்து மணிக்குத் திரும்பக் கூட்டம். ரோபோவைச் சுதாகரன் அண்ணாவின் ஆட்டோவில் ஏற்றியாச்சு. சக்கரமும் செருப்பு மாதிரித்தான் என்று சொன்னீர்களே, கழுவித்தான் உள்ளே விடுவேன்.

புதுச் சுவிச் உங்கள் இடது கைக்கு எட்டும். அமத்தினால் மட்டுமே குரல் போகும்.

ஹோன் அடிக்கிறார். வாறன்.

மதுஷன்

பி.கு: நீங்க ரோபோவில வராட்டியும் உங்கட கதிரையில ஆரையும் இருக்க விடமாட்டன். பக்கத்திலயே நிப்பன்.

இன்னொன்று: என்னை ஏசுறதுக்கெண்டாலும் அமத்துங்கப்பா. சபைக்கும் கேக்கட்டும்.