பித்தளைப் பரிசும் கல்யாண மோதிரமும்

லாக்லன்,

தொட்டியில் மூன்று இறால் செத்ததற்கு நேற்று என்னைத்தானே பிடித்துக்கொண்டாய்? "கல்யாண மோதிரத்துல செம்பு கலந்திருக்கும், அது இறாலுக்கு விஷம்னு தெரியாதா? அதோட ஏன் தொட்டியில கைய விட்ட?" என்று. அப்போதே மோதிரத்தைக் கழற்றி, ஒரு கிண்ணம் உப்புத் தண்ணீரில் போட்டுவைத்தேன். காலையில் செம்பு பார்க்கும் சோதனை மருந்தைத் தொட்டித் தண்ணீரிலும் கிண்ணத்திலும் விட்டேன். தொட்டித் தண்ணீர் நிறம் மாறியது. கிண்ணத்துத் தண்ணீர் மாறவே இல்லை.

டவுன்ஸ்வில்லிலேயே சிறந்த பவளத்தொட்டி என்று மீன்தொட்டிச் சங்கம் உனக்குக் கொடுத்த பித்தளைத் தகடு இருக்கிறதே, விளக்கில் மின்னட்டும் என்று பவளத்துக்கு நடுவே நீயே நட்டு வைத்தாயே, அதன் பின்பக்கமெல்லாம் பச்சை பூத்திருக்கிறது. பித்தளையில் பாதிக்கு மேல் செம்புதானே, எடுத்துவிட்டேன்.

பாதித் தண்ணீரை மாற்று. குழாய்த் தண்ணீர் வேண்டாம், வடிகட்டியதில் உப்புக் கலந்து ஊற்று. செம்பை உறிஞ்சும் பையை உள்ளே போட்டிருக்கிறேன், அதைத் தொடாதே. ஃப்ரிட்ஜில் ஆட்டுக்கறி ரோஸ்ட் இருக்கிறது.

நாலு மணிக்குச் சங்கச் செயலாளர் ட்ரூடி தொட்டியைப் பார்க்க வருகிறார். இறால் எங்கே என்று கேட்டால் தகட்டைக் காட்டு.

பிரிஜெட்

மன்னிப்புக் கேட்பதென்றால் தொட்டியில் இருக்கும் நத்தைகளிடமிருந்து ஆரம்பி. அவை இன்னும் உயிரோடுதான் இருக்கின்றன.

கிண்ணம் காலியாக இருக்கிறதே என்று பதறாதே. மோதிரம் என் விரலில்தான் இருக்கிறது, இப்போதைக்கு.