புறாவாகப் போய் ஒட்டகமாக வரும் பை

இந்தத் தாள்கள் யார் கையில் கிடைத்தாலும் கெஞ்சிக் கேட்கிறேன், ஒருவரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக எங்கள் உம்மாவிடம். மடித்து, எடுத்த இடத்திலேயே, கணிதப் புத்தகத்துக்குள் வைத்துவிடுங்கள். இது எங்கள் வாப்பாவுக்கு எழுதுவது. அவர் மௌத்தாகி ஒரு வருடம் ஆகப்போகிறது.

வாப்பா, உங்கள் பை என் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், உம்மா வேலையால் வருவதற்கு முன்பு, கராஜில் இருந்து தூக்கிக்கொண்டு வந்தேன். சிப்பைத் திறந்தவுடன் அந்த வாசம் வந்தது. யூக்கலிப்டஸ் இலை, நனைந்து காய்ந்த கயிறு, நீங்கள் கை கழுவுகிற சவர்க்காரம், எல்லாவற்றுக்கும் அடியில் இரும்பு போல மெல்லிய இரத்த வாசம். தலையை உள்ளே விட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். அழுவேன் என்று நினைத்தேன், சிரிப்புத்தான் வந்தது. ஏனென்றால் நாளைக்கு நான் போகிறேன் வாப்பா! எயில்டன் ஏரிக்குப் பின்னால் இருக்கிற உங்கள் மலைக்கு, மான் வேட்டைக்கு. சுடுவது உங்கள் தம்பி சாச்சா, சுமப்பது நான்.

டோர்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். எழுத்து இப்படிக் கோணுவதற்குப் பாதிக் காரணம் பயம். மற்றப் பாதி என்னால் ஓரிடத்தில் இருக்க முடியாதது.

உம்மாவுக்குத் தெரியாது. நீங்கள் சனிக்கிழமை மலையால் பெரிய சுமையோடு வந்தீர்கள். திங்கட்கிழமை ட்ருகனினா கிடங்கில், வேலைக்கு நடுவில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கீழே இருந்தீர்கள், பிறகு எழும்பவில்லை. அடைப்புப் பல வருடமாக இருந்தது என்று டாக்டர் விளங்கப்படுத்தினார். உம்மா கேட்கவில்லை. "அந்தச் சுமைதான் அவரக் கொண்டுபோனது. இனி இந்த வீட்டில இருந்து ஒருத்தரும் அந்தக் காட்டுக்குப் போகப்படாது" என்று சொன்னார். உங்கள் துவக்கு சாச்சாவிடம் போனது. பை மட்டும் கராஜில் நின்றது. உம்மா அதைத் தாண்டித்தான் உடுப்புக் காயப்போடப் போவார். ஒருநாளும் அதைப் பார்க்க மாட்டார்.

வருகிற கிழமை உங்கள் வருடக் கத்தம். குர்ஆன் ஓதிவிட்டு எல்லோருக்கும் சாப்பாடு கொடுக்க வேண்டும். கடையில் ஆட்டிறைச்சிக்குச் சொல்லலாம் என்கிறார் உம்மா. சாச்சாவோ, "என்ட நானாட பேரில குடுக்கிற புரியாணி மரை இறைச்சியிலதான் இருக்கோணும்" என்று என்னிடம் சொன்னார். அவருக்கு முதுகு சரியில்லை, சுடுவார், சுமக்க மாட்டார். கூட வர ஓர் ஆள் வேண்டும்.

"நான் வாறன் சாச்சா."

"உம்மாட்டக் கேட்டனியா?"

"ஓம்."

அந்த ஒரு ஓமை ஒரு மாதமாகச் சுமக்கிறேன். உம்மாவிடம் சொல்லியிருப்பது, சிநேகிதி வீட்டில் பாடம் படிக்கப் போகிறேன் என்று. விடிய முன்பு எந்தச் சிநேகிதி வீட்டில் பாடம் படிப்பார்கள்? அதை உம்மா கேட்கவில்லை. கேட்காததுதான் கூடப் பயமாக இருக்கிறது.

உங்களுக்கு நினைவிருக்கிறதா, முதன்முதலாக நீங்கள் கொண்டுபோனது என் பழைய பள்ளிக்கூடப் பையை. "காலையில போய்ப் பின்னேரம் வாறதுக்கு இது காணும்" என்றீர்கள். தண்ணீர், பேரீச்சம்பழம், கயிறு, விரித்துத் தொழுகிற முசல்லா, எல்லாம் அழகாக உள்ளே போயின. திரும்பி வரும்போது என்ன செய்வது என்று யாரும் யோசிக்கவில்லை. மரை விழும் என்று நீங்களே நம்பவில்லைதானே? இங்கே எல்லோரும் அந்த மானைச் சம்பர் என்கிறார்கள். நீங்கள் மட்டும் வன்னிக் காட்டில் இருந்தது போலவே மரை என்பீர்கள்.

அது விழுந்தது. பிஸ்மில்லாஹ் சொல்லிச் சுட்ட ஒரே வெடியில். இறைச்சியைப் பொலித்தீனில் கட்டினால் வெந்து பழுதாகிவிடும், காற்றுப் போகிற பருத்தித் துணி வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதற்கு நீங்கள் வீட்டில் யாரையும் கேட்காமல் எடுத்துப்போனது உம்மாவின் ரோசாப்பூத் தலையணை உறைகளை. இறைச்சியை உறைக்குள் போட்டு, உறையைப் பைக்குள் போட்டு, பையை முதுகில் போட்டீர்கள். பாதி ஏற்றத்தில் இரத்தம் எல்லாத் துணியையும் தாண்டி உங்கள் சட்டைக்கு வந்துவிட்டது. அஸர் நேரம் வேறு. இரத்தம் ஊறிய சட்டையோடு எப்படித் தொழுவது? இங்கத்தைய யூலை நடுக்குளிரில், ஓடைத் தண்ணீரில் சட்டையைத் தோய்த்துப் பிழிந்து, ஈரத்தோடு போட்டுக்கொண்டு தொழுதீர்கள். சாச்சா அன்றிரவு எங்கள் கதிரையில் இருந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

"பல்லு அடிச்ச அடியில நானா ஓதினாரோ தந்தியடிச்சாரோ எண்டு எனக்கு விளங்கேல்ல!"

மறுநாள் உம்மா பிரீசரைத் திறந்தார். ரோசாப்பூக்கள் அவரைப் பார்த்தன.

"இது நான் கொழும்பில இருந்து கொண்டுவந்த உறை!"

"இறைச்சிக்கும் நல்ல நித்திரை வேணும்தானே" என்றீர்கள் நீங்கள்.

உம்மா அகப்பையோடு திரும்பினார். நீங்கள் மேசையைச் சுற்றி ஓடினீர்கள். உம்மா சிரிப்பை அடக்க முகத்தைக் குசினி ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டதை நான் பார்த்தேன். ஆனாலும் மூன்று நாள் உங்களோடு கதைக்கவில்லை. நான்கு உறையில் இரண்டு போய்விட்டது. மிச்சம் இரண்டையும் தன் அலுமாரியின் மேல் தட்டில் வைத்துப் பூட்டிவிட்டார். இன்றைக்கும் அங்கேதான் இருக்கின்றன.

அதற்குப் பிறகுதான் நீங்களும் நானும் நகரத்துக்குப் போனோம், மலையேறுகிறவர்களுக்குச் சாமான் விற்கும் அந்தக் கடைக்கு. முழங்காலில் பட்டி கட்டிய தாடிக்காரர் ஒருவர் வந்து, எத்தனை இரவு தங்குவீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஒரு இரவும் இல்லை என்றீர்கள். அப்படியென்றால் முப்பது லீற்றர் பை போதும் என்றார். நீங்கள் தலையை ஆட்டிவிட்டு என் பக்கம் திரும்பினீர்கள்.

"மகள், இவருக்கு விளங்கப்படுத்து. காலையில புறாவாப் போய்ப் பின்னேரம் ஒட்டகமா வரோணும்."

நான் அப்படியே மொழிபெயர்த்தேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டே பைகளின் வரிசையைப் பார்த்தார். "இன்னும் ஒண்டு சொல்லு. இரத்தம் முதுகுக்கு வரப்படாது" என்றீர்கள். ஏன் என்று அவர் கேட்டார். தொழ வேண்டும் என்றேன். இருபது வருடமாகப் பை விற்கிறேன், இப்படி ஒரு கேள்வி இதுதான் முதல்தடவை என்று சொல்லிவிட்டுக் குதித்துக்கொண்டு உள்ளே ஓடினார்.

கொண்டுவந்தது அலுமினியச் சட்டம் வைத்த பை. பையைச் சட்டத்தில் இருந்து கொஞ்சம் விலக்கி, இரண்டுக்கும் நடுவில் இறைச்சியை வைத்து, பட்டிகளால் இறுக்கிக் கட்டலாம். காலையில் பட்டியை இழுத்துவிட்டால் மெலிந்து முதுகோடு ஒட்டிக்கொள்ளும். முதுகுப் பக்கம் ஒரு தடித்த தண்ணீர் புகாத தகடு. கழற்றிக் கழுவலாம். நீங்கள் சின்னப் பிள்ளை போலக் கைகொட்டினீர்கள். பிறகு "ஒரு நிமிசம்" என்று சொல்லி வெளியே போனீர்கள். காரில் இருந்து ஐந்து கிலோ பாஸ்மதிப் பைகள் நான்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தீர்கள்! கடையில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். எனக்குக் கூடாரம் ஒன்றுக்குள் புகுந்துவிடலாம் போல இருந்தது. இருபது கிலோ அரிசியைச் சுமந்துகொண்டு கடைப் படியில் ஏறி இறங்கினீர்கள். தாடிக்காரர் பின்னாலேயே வந்து, இடுப்புப் பட்டி இடுப்பெலும்பின் மேல் இருக்க வேண்டும், சுமை தோளில் அல்ல இடுப்பில்தான் நிற்க வேண்டும், பையை ஆளின் உயரத்துக்கு அல்ல முதுகின் நீளத்துக்குத்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கழுத்தெலும்பில் இருந்து இடுப்பு வரை நாடா வைத்து உங்களை அளந்தார். நான் சும்மா நிற்கிறேனே என்று என்னையும் அளக்கச் சொன்னீர்கள்.

கடைசியில் இரண்டு பை மிஞ்சின. ஒன்று உங்கள் முதுகுக்கென்றே செய்தது போல இருந்தது, பாரமும் குறைவு. மற்றது கூடுதல் பாரம், முதுகுத் தகட்டை மேலும் கீழும் மாற்றலாம், ஆனால் அடிக்கு அடி கிறீச்சிட்டது. நீங்கள் கிறீச்சிட்டதைத்தான் எடுத்தீர்கள்.

"வாப்பா, உங்களுக்கென்ன பைத்தியமா? மரை நீங்க காரால இறங்க முன்னமே ஓடிரும்!"

"மெழுகு பூசினாச் சத்தம் வராது" என்றீர்கள். காசைக் கொடுத்துவிட்டுப் பையைத் தூக்கினீர்கள். வீடு வரும்வரை நான் ஏசிக்கொண்டே வந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே அரிசியோடு த பேசின் என்கிற இடத்துக்குப் பக்கத்து ஏற்றத்தில் நடந்து பார்த்தோம். விநாயகர் கோயிலால் வந்த கார் ஒன்று நின்றது. ஜன்னலைத் திறந்து ஒரு அன்ரி எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, மூட்டை முடிச்சோட? திரும்பவும் இடம்பெயர்வோ?"

"ஓம் அன்ரி. ஆனா இந்தமுறை அரிசியோட போறம்."

"அப்ப நில்லுங்கோ, நாங்களும் வாறம்!"

கார் போய்க் கனநேரம் வரைக்கும் நீங்கள் சிரித்தீர்கள். பிறகு சிரிப்பு நின்றது. ஊரை விட்டு வந்த அன்று உங்கள் கையில் ஒரேயொரு சின்னப் பைதான் இருந்தது என்று அன்றைக்குத்தான் சொன்னீர்கள். அந்தப் பைக்குள் என்ன இருந்தது என்று கேட்டேன். "தெரியாது மகள். அவசரத்தில வேற ஆர்ட பையையோ தூக்கிட்டு வந்திட்டன்." நான் சிரிக்கலாமா என்று உங்கள் முகத்தைப் பார்த்தேன். நீங்களே முதலில் சிரித்தீர்கள். அப்போதுதான் எனக்குச் சொன்னீர்கள், ஏலாத சுமையை ஒரேயடியாகத் தூக்க வேண்டாம், "ரெண்டுதரம் நடக்கிறதில ஒரு வெட்கமும் இல்ல" என்று. அந்தக் கடைசிச் சனிக்கிழமை நீங்கள் ஏன் இரண்டுதரம் நடக்கவில்லை வாப்பா? சாச்சாவிடம் கேட்டேன். மழை வந்தது என்று மட்டும் சொன்னார்.

நான் இரண்டுதரம் நடப்பேன். மூன்றுதரம் என்றாலும் நடப்பேன். ஒரு மாதமாகப் பழகுகிறேன். உம்மா வேலைக்குப் போனதும் அரிசிப் பையை எடுத்து, முதலில் பத்துக் கிலோ, பிறகு பதினைந்து, பின் வளவில் சுற்றிச் சுற்றி. கராஜுக்குள் உங்கள் பையைத் தொடத் தைரியம் வரவில்லை, பள்ளிக்கூடப் பையில்தான். போன கிழமை சாப்பாட்டு மேசையில் உம்மா, "இந்த வீட்டு அரிசிக்குக் கால் முளைச்சிருக்கு" என்றார். எனக்குப் புரையேறிவிட்டது.

ஆனால் உங்கள் பை எனக்குப் பொருந்துமா என்பதுதான் பெரிய பயமாக இருந்தது. என் முதுகு உங்களுடையதை விட நான்கு விரல் குட்டை. பொருந்தாவிட்டால் சுமை முழுக்கத் தோளில் தொங்கும், அரை மணி நேரம்கூட நடக்க முடியாது. அதனால் இன்றைக்குக் கதவைப் பூட்டிவிட்டுப் போட்டுப் பார்த்தேன். அரிசிப் பைகளை நடுவில் கட்டினேன், பட்டிகளை இழுத்தேன், எழும்பினேன்.

இடுப்புப் பட்டி என் இடுப்பெலும்பின் மேல் சரியாக வந்து உட்கார்ந்தது.

விளங்கவில்லை. கழற்றி முதுகுத் தகட்டைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே கறுப்பு மார்க்கரால் இரண்டு கோடு. மேல் கோட்டுக்குப் பக்கத்தில் உங்கள் எழுத்தில் "நான்". கீழ்க் கோட்டுக்குப் பக்கத்தில் "மகள்". தகடு கீழ்க் கோட்டில் இருந்தது. அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பையைக் கழுவிக் காயப்போட்டீர்களே, அப்போது மாற்றியிருக்கிறீர்கள். அடுத்தமுறை கூட்டிப்போகிறேன் என்று நீங்கள் சொன்னதை நான் எப்போதும் சொல்வதுபோலச் சொன்னது என்று நினைத்தேன். கடையில் என்னை அளந்தது எதற்கென்று இப்போது தெரிகிறது. அந்தக் கிறீச்சுச் சத்தத்துக்காக நான் எவ்வளவு ஏசினேன்!

பட்டிகளுக்கு மெழுகு பூசிவிட்டேன். சுடுகிறவர்களின் கண்ணில் படுவதற்குப் போடுகிற ஒரேஞ்சுத் தொப்பியை ஸ்கார்புக்கு மேலே போட்டுப் பார்த்தேன், கரட் மாதிரி இருக்கிறேன். தண்ணீர், பேரீச்சம்பழம், கயிறு, உங்கள் முசல்லா எல்லாம் உள்ளே வைத்தாயிற்று. இறைச்சி கட்டுவதற்குத் துணி மட்டும்தான் இல்லை. என்னிடம் இருப்பது விளையாட்டு உடுப்புப் போடும் ஒரு சின்னத் துணிப்பை. அலுமாரித் தட்டைத் தொட எனக்குத் தைரியம் இல்லை. இஷாத் தொழுகைக்குப் பிறகு யாரோ போன் எடுத்தார்கள். உம்மா குசினிக்குள் நின்று மெதுவாக நீண்ட நேரம் கதைத்தார். யாரென்று தெரியவில்லை. அதிலிருந்து வீடு அமைதியாக இருக்கிறது. அவர் இன்னும் படுக்கவில்லை.

பொய் சொல்லிவிட்டுப் போவது எனக்குப் பிடிக்கவில்லை வாப்பா. ஆனால் போகாமல் இருக்கவும் முடியவில்லை. சின்ன வயதில் இருந்து உங்களிடம் எத்தனை சுமை கொடுத்திருப்பேன், என்னையே தோளில் வைத்து எவ்வளவு தூரம் நடந்திருப்பீர்கள். நாளைக்கு உங்கள் பேரில் போகிற இறைச்சியை உங்கள் கோட்டுக்குக் கீழே இருக்கிற என் கோட்டில் வைத்துச் சுமப்பேன். காலையில் புறாவாகப் போவேன். பின்னேரம்

கதவு தட்டுகிற சத்தம். உம்மா.

"சாச்சா போன்ல எல்லாம் சொன்னவர். திற மகள், ரோசாப்பூ உறை ரெண்டும் என்ட கையில