அப்பா ரசம் போக்கிய கண்ணாடி

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. நீ நலமாக இருப்பாய், வேளைக்குச் சாப்பிடுவாய், குளிருக்குக் காலுறை போட்டுக்கொள்வாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். இங்கே நாங்களும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், முழு நலம் என்று எழுதக் கை வரவில்லை, முக்கால் நலம் என்று வைத்துக்கொள். பயப்படாதே, கடைசி வரை படி. ஃபோன் இருக்கும்போது இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். ஃபோனில் பேசினால் உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து, நான் சொல்கிற ஒவ்வொன்றுக்கும் திருத்தம் சொல்லிக்கொண்டிருப்பார். போதாததற்கு, இந்த விஷயத்தை உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் வாக்கும் வாங்கிவிட்டார். சொல்ல மாட்டேன் என்றுதான் நான் சொன்னேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை.

எல்லாம் நீ ஆரம்பித்து வைத்தது. ஏதோ கடையில் பார்த்ததாக ஒரு கண்ணாடியின் படம் அனுப்பினாயே, ஓரமெல்லாம் கறுத்து, நடுவே புள்ளி புள்ளியாக, நாலு தலைமுறை முகம் பார்த்துத் தேய்ந்துபோனது மாதிரி. ரசம் போன கண்ணாடியை நாமெல்லாம் தூக்கி வெளியே வைப்போம், இவள் ஆசைப்பட்டுக் கேட்கிறாளே என்று நான் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. இதுக்கு எதுக்குக் கடைக்குப் போகணும், நானே பழசாக்கிடறேன் என்றார். நீ வருவதற்குள் உன் அறையில் மாட்டி வைக்க வேண்டுமாம். எதை வாங்கினாலும் ஒரே மாதத்தில் பழசாக்கிவிடுகிற மனிதர் ஆயிற்றே, இது கைவந்த கலைதானே என்று நானும் விட்டுவிட்டேன். குளியலறையிலிருந்து கழற்றி மாடிப்படிக்கு அடியில் போட்டிருந்த கண்ணாடியை எடுத்து, தான் ஓட்டுகிற பள்ளிக்கூட வேன் நிற்கிற கொட்டகையில் பலகை போட்டுக் கவிழ்த்து வைத்தார். முதுகிலிருக்கும் பெயிண்ட்டை ஒரு மருந்து தடவி உரிக்க வேண்டும், உரித்துக் கழுவினால் ரசம் தெரியும், அதன்மேல் துணி வெளுக்கிற பிளீச்சை அங்கங்கே தெளித்துவிட்டுக் காத்திருந்தால் அது ரசத்தை அரித்துப் புள்ளியாக்கும், பிறகு கழுவிக் காயவைத்து, கறுப்புப் பெயிண்ட் அடித்துத் திருப்பினால் நீ அனுப்பிய படம் மாதிரியே இருக்கும். இவ்வளவும் வீடியோ பார்த்துப் பாடமாக ஒப்பித்தார். இதில் காத்திருந்தால் என்று ஒரு சொல் வருகிறது பார், சிக்னலில் பச்சை விழுவதற்குள் மூன்று தரம் கியரைத் தொட்டுப் பார்க்கிறவருக்கு அங்கேதான் இடறும் என்று நினைத்தேன். ஆனால் அவர் அதற்கு முன்பே வேறு இடத்தில் இடறினார்.

கையுறை போட்டார், கதவு ஜன்னலெல்லாம் திறந்து வைத்தார், குறை சொல்ல முடியாது. நான் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தேன். கண்ணாடில மருந்து தெறிச்சிடுச்சு என்று குரல் கொடுத்தார். கண்ணாடிக்குத்தானே மருந்து, இதில் என்ன அதிசயம் என்று நினைத்து, தெறிச்சா துடைங்க என்றேன். துடைச்சிட்டேன் என்றார். நம் மொழியில் முகம் பார்ப்பதும் கண்ணாடி, மூக்கில் மாட்டுவதும் கண்ணாடி, அதற்கு நான் என்ன செய்வேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, மருந்தில் ஊறிய அதே துணியால் இரண்டு பக்கமும் நன்றாகத் தேய்த்து மாட்டிக்கொண்டிருக்கிறார். அதற்கப்புறம் பிளீச்சைத் தெளித்தாராம், தெளித்த கையோடு புள்ளி விழுந்துவிட்டதாம், அதிகமாக அரித்துவிடப் போகிறதே என்று அவசரமாகக் கழுவிக் கறுப்புப் பெயிண்ட்டும் அடித்துவிட்டார். காய்ந்ததும் தூக்கிக்கொண்டு வந்து கூடத்தில் நிறுத்தினார். நான் போய் முன்னால் நின்றேன். என் தலையில் நரை எத்தனை என்று எண்ணிவிடலாம், அவ்வளவு பளிச்சென்று இருந்தது. இந்த ஓரத்துல பாரு, பனி இறங்கின மாதிரி இல்ல என்று விரலால் வட்டம் போட்டுக் காட்டுகிறார். எனக்கு ஒண்ணும் தெரியலைங்க என்றேன். ரசம் போனா மட்டும் போதாது, பார்க்கிறவங்களுக்கு ரசனையும் வேணும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்று சாயங்காலமே கூடத்துச் சுவர் அழுக்காக இருக்கிறது, வெள்ளையடிக்க வேண்டும் என்றார். டீ ஆடை கட்டிவிட்டது என்றார். நீ ஏன் வெளுத்துப்போயிருக்கே, ரத்தம் பார்க்கலாமா என்றார். நானும் அவர் முகத்தையே பார்த்தேன், மூக்கு மேல் இருப்பது மட்டும் கண்ணில் படவில்லை, எப்போதும் அழுக்காகத்தானே வைத்திருப்பார்.

மறுநாள் பள்ளிக்கூடம் லீவு, நல்லவேளை. பக்கத்து வீட்டு நர்ஸை வரவழைத்துக் கண்ணாடியைக் காட்டி, நீ சொல்லும்மா, புள்ளி இருக்கா இல்லையா என்றார். அவள் கண்ணாடியைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள், கிட்டே போய் அவர் மூக்கிலிருந்ததைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தாள், பிளாஸ்டிக் வில்லை இரண்டும் மருந்தில் வெந்து புகையாக மங்கியிருந்தன. "அண்ணே, அது புத்தம் புதுசா இருக்கு. பழசானது இதுதான்" என்றாள். நானும் அவளும் சோபாவில் விழுந்து சிரித்தோம். அப்பாவும் சிரித்துக்கொண்டே போய் அலமாரியிலிருந்து தன் முந்தைய மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டினார். சுவரைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், அவர் சிரிப்பு நின்றது. நர்ஸை வாசல் வரை கொண்டுபோய் விட்டார். பிறகு என்னிடம் வந்து மெதுவாக, "இதுலயும் புகையாத்தான் இருக்கு. கழட்டினாலும் இருக்கு" என்றார். வேன் சாவியை எடுத்து என் கையில் வைத்தார். நான் கேட்கவில்லை பாப்பா, அவராகத்தான் வைத்தார். அடுத்தவங்க பிள்ளைங்கள ஏத்திட்டுப் போறவன் என்று பாதியில் நிறுத்திவிட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டார்.

கண் டாக்டரம்மா பார்த்துவிட்டு இரண்டு கண்ணிலும் புரை என்றார். வலது கண்ணில் நன்றாக முற்றியிருக்கிறதாம். புகைக்குப் பழகிட்டீங்க, அதனாலதான் புதுப்புகை வந்தும் தெரியலை என்றார். சின்ன ஆபரேஷன், அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம், சீக்கிரம் செய்துகொண்டால் மறுபடி வண்டி ஓட்டலாம் என்று எத்தனையோ சொன்னார். உன் அப்பா அங்கே மண்டையை ஆட்டிவிட்டு, வெளியே வந்ததும் பள்ளி ஆண்டு முடியட்டும், பார்க்கலாம் என்கிறார். ஆபரேஷனுக்கு அப்புறம் இனிமேல் ஓட்டக் கூடாது என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம், எனக்குத் தெரியாதா. வேனை இப்போது வேறு டிரைவர் ஓட்டுகிறார். காலையில் அது கிளம்பும்போது இன்ஜின் சத்தத்தை வைத்தே, இவன் இரண்டாவது கியரிலேயே போறான் என்று உட்கார்ந்த இடத்திலிருந்து குறை சொல்கிறார். அவரைச் சும்மா உட்கார வைக்க முடியாமல் கண்ணாடியை மறுபடி கவிழ்த்து நானே செய்தேன், அவர் நாற்காலியிலிருந்து அதிகாரம் செய்தார். நான் காத்திருந்தேன், புள்ளி அழகாக விழுந்தது. அவரைக் கூப்பிட்டுக் காட்டினால், கிட்டே வந்து மூக்கு உரசப் பார்த்துவிட்டு, ஒண்ணும் வரலையே என்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்துவிட்டுத்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

நான் சொன்னால் கேட்க மாட்டார், நீ சொன்னால் கேட்பார். உனக்குத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல், சாமர்த்தியமாக எப்படியாவது பேசி ஆபரேஷனுக்குச் சம்மதிக்க வை. நீயும் இருட்டில் அந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே இருக்காதே, விளக்கைப் போட்டுக்கொள். நீ நினைத்ததெல்லாம் நடந்து, நல்ல உடம்போடும் நல்ல தூக்கத்தோடும் இருக்க வேண்டும். கண்ணாடியைப் பற்றி எழுதுவதாகத்தான் அப்பாவிடம் சொன்னேன், கீழே தனக்கும் இடம் விட வேண்டுமாம், எழுதித் தானே கவரை ஒட்டிவிடுவாராம். நான் எழுதியதை அவரால் படிக்க முடியாது என்ற தைரியத்தில் கொடுக்கிறேன்.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா

பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. வரி மேடு பள்ளமாகப் போனால் சகித்துக்கொள். முதல் தடவையே லேசாகப் புள்ளி விழுந்தது, அம்மா பேச்சை நம்பாதே. இவ்வளவு பக்கத்துக்கு அவள் கண்ணாடியைப் பற்றி மட்டும் எழுதியிருக்க மாட்டாள் என்று தெரியும். நர்ஸ் தங்கச்சியை ஃபோனில் நம்பர் போடச் சொல்லி டாக்டரிடம் பேசிவிட்டேன், ஆபரேஷனுக்கு நாள் வாங்கியாயிற்று. அம்மாவுக்கு முந்தின நாள் தெரிந்தால் போதும். அவள் ஒரு ராத்திரி மட்டும் தூங்காமல் இருக்கட்டும்.