வசந்தி வேலையை விடலாமா?

மார்ச் 14, வெள்ளி

சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை. தங்கை வசந்தி சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி தொழிற்சாலையில் பொட்டலம் கட்டுகிறாள். அதை விட்டுவிட்டு, ஈப்போவுக்குப் பக்கத்து ஊரான லகாட்டில் எங்கள் வீட்டு வாசலிலேயே பூமாலை கட்டி விற்கலாமா என்று இந்த வாரம் லீவு போட்டுப் பார்க்கிறாள். முதுகுவலி வரும் நாளில் என்ன செய்வாள் என்பதுதான் என் பயம்.

இன்று காலையே வலி வந்துவிட்டது. எதிர்வீட்டு மீனா மாலை கேட்டு வந்தார். "நான் கட்டித் தரேன்" என்று எழுந்தேன்.

"நீங்க கட்டினா சாமியே கழட்டிப் போட்டுரும் லா," என்றாள் வசந்தி. "முதுகு வலிக்குது மீனாக்கா. கோயிலுக்குப் போறப்ப வாங்க, புதுசா கட்டித் தாரேன்."

மீனா போனதும் வசந்தி படுத்துவிட்டாள். இனி அவர் வரமாட்டார் என்றே நினைத்தேன். சாயந்திரம் மருமகளையும் கூட்டிக்கொண்டு வந்து, வசந்தி கட்டிய மாலையை வாங்கிப் போனார்!

நான் பள்ளி ஆசிரியர்; மெதுவாக எழுதும் பிள்ளைக்கு வகுப்பில் கூடுதல் நேரம் கொடுப்பேன், கேள்வியை மாற்றமாட்டேன். இதுவும் அப்படித்தான்: வசந்திக்குத் தேவை கூடுதல் நேரம், என் கை அல்ல.

"தொழிற்சாலையில இப்படிப் படுக்க விடுவாங்களா?" என்றேன்.

"முறைப்பாங்க. இங்க என் முதலாளி நல்லவ லா, கேட்டதும் லீவு கொடுத்துட்டா."

திங்கட்கிழமை வேலையை விட்டுவிடுவதாகச் சொல்லிவிட்டாள். விடட்டும்.

விடியுமுன் ஈப்போ மார்க்கெட்டுக்குப் பூ வாங்க நான்தான் காரோட்ட வேண்டும். எனக்கு மட்டும் அந்த முதலாளி லீவு தரமாட்டாளாம்.